ஹார்மோன் வேஷம் போடும் ரசாயனங்கள் கருப்பைத் தசையை என்ன செய்கின்றன?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பிளாஸ்டிக்கிலும் பூச்சிமருந்திலும் ஹார்மோன் மாதிரியே வேலை செய்கிற ரசாயனங்கள் இருக்கின்றன என்று படித்தேன். அவை கருப்பையின் தசையைப் பாதிக்குமா? என் அக்காவுக்கு ஏழாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது. எனக்குக் கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருக்கிறது என்கிறார்கள். இரண்டுக்கும் இதுதான் காரணமா?"

பாதிக்கும். அதற்கு ஐம்பது வருடத்துக்கும் மேலான ஆதாரம் இருக்கிறது. ஆனால் "பிளாஸ்டிக்கால் கருப்பை கெட்டுப்போகிறது" என்று ஒற்றை வரியில் பரப்புகிறார்களே, அப்படி ஒரே பக்கமாக நடக்கிற விஷயம் இல்லை இது. சில ரசாயனங்கள் அந்தத் தசையை முறுக்கிவிடுகின்றன, சில அதைத் தூங்க வைக்கின்றன. எந்த ரசாயனம் என்று பார்ப்பது போலவே, அது வாழ்க்கையின் எந்தக் கட்டத்தில் உடம்புக்குள் வந்தது என்றும் பார்க்க வேண்டும். நான் உடலியங்கியல் பாடம் எடுக்கிறவன். மாணவர்களுக்குச் சொல்கிற வரிசையிலேயே சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்தத் தசையைப் பற்றி. கருப்பைச் சுவரின் நடு அடுக்குதான் மயோமெட்ரியம். கர்ப்பமில்லாத கருப்பை ஐம்பது, அறுபது கிராம் இருக்கும். பிரசவ நேரத்தில் அதுவே ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிவிடும். இந்தத் தசைக்கு இரண்டு வேலை, இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை. ஒன்பது மாதம் அசையாமல் கிடக்க வேண்டும். பிறகு சில மணி நேரம் மொத்த பலத்தோடு சுருங்கிச் சுருங்கிக் குழந்தையை வெளியே தள்ள வேண்டும். அசையாமல் வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். சுருங்கத் தயார்ப்படுத்துவது ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன்.

தயார்ப்படுத்துவது எப்படி? பிரசவம் நெருங்கும்போது ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் தசைச் செல்களின் மேல் ஆக்ஸிடோசின் ஏற்பிகள், அதாவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் இடங்கள், பல மடங்கு பெருகுகின்றன. ஆஸ்பத்திரியில் "வலி வர டிரிப்ஸ்" போடுவார்களே, அதில் இருப்பது இந்த ஆக்ஸிடோசின்தான். ஏற்பி இல்லாத கருப்பைக்கு எவ்வளவு டிரிப்ஸ் ஏற்றினாலும் வலி சரியாக வராது. அதோடு கனெக்ஸின் 43 என்ற புரதம் கூடுகிறது. அது பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கிடையே நுண்ணிய வாசல்களைத் திறந்துவிடுகிறது. கோயில் தேரை ஆளாளுக்குத் தனியாக இழுத்தால் அசையாது, ஒரே குரலுக்கு எல்லோரும் வடத்தைப் பிடித்து இழுத்தால்தான் நகரும். கோடிக்கணக்கான தசைச் செல்களுக்கு அந்தக் குரல் போய்ச் சேருவது இந்த வாசல்கள் வழியாகத்தான். கடைசியில் எல்லாம் கால்சியத்தில் வந்து முடிகிறது: செல்லுக்குள் கால்சியம் ஏறினால் தசை சுருங்கும், இறங்கினால் தளரும்.

ஆக, ஏற்பிகள், செல்களுக்கிடையிலான வாசல்கள், கால்சியம் என்று மூன்று இடங்களில் வெளியாள் கைவைக்க முடியும். மூன்றிலும் இந்த ரசாயனங்கள் கைவைக்கின்றன.

இதை ஆய்வகத்தில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றவை புரியும். எலியின் கருப்பையிலிருந்து மெல்லிய பட்டை ஒன்றை வெட்டி எடுப்பார்கள். சிசேரியனின்போது தாயின் சம்மதத்தோடு எடுத்த சிறு துணுக்காகவும் இருக்கலாம். 37 டிகிரி சூட்டில் உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாய்க்குள் அதைத் தொங்கவிடுவார்கள். ஒரு முனை கீழே கட்டியிருக்கும், மறுமுனையிலிருந்து ஒரு நூல் மேலே விசையை அளக்கும் கருவிக்குப் போகும். ஆக்சிஜனும் ஐந்து சதவீதம் கரியமில வாயுவும் கலந்த காற்று கரைசலுக்குள் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் காத்திருந்தால், மூளையின் கட்டளையோ நரம்போ எதுவும் இல்லாமல் அந்தப் பட்டை தானாகவே சுருங்கி விரியத் தொடங்கும். திரையில் கோடு ஒரே சீராக ஏறி இறங்கும். முதன்முதலாகப் பார்க்கிற மாணவர்கள் எல்லோரும் அசந்துபோகிற காட்சி இது. அந்தச் சீர் வந்த பிறகு, சோதிக்க வேண்டிய ரசாயனத்தைக் கரைசலில் சொட்டுவிட்டு, கோட்டில் என்ன மாறுகிறது என்று பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரீட்டா லாக்-கருசோவின் குழு 1990-களில் இந்த முறையில்தான் வரிசையாகப் பல ரசாயனங்களைச் சோதித்தது. டிடிடி என்ற பூச்சிமருந்து ஒரே பொருள் இல்லை. அதில் ஓ,பி-டிடிடி என்று ஒரு வடிவம் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்வது முக்கியமாக அதுதான். அதை எலிக் கருப்பைப் பட்டையின் மேல் விட்டபோது சுருக்கங்கள் அடிக்கடி வரத் தொடங்கின. மின்மாற்றிகளின் எண்ணெயில் கலந்திருந்த பிசிபி கலவை ஒன்றும் அதே மாதிரி சுருக்கங்களைத் தூண்டியது. கால்சியம் உள்ளே நுழைகிற வாயில்கள் வழியாக அது வேலை செய்வதாகத் தெரிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது நேரம். ஈஸ்ட்ரோஜன் வழக்கமாக வேலை செய்வது மரபணுக்கள் மூலமாக. அது செல்லின் உட்கருவுக்குப் போய், மரபணுவை இயக்கி, புதிய புரதம் உருவாகி வர மணிக்கணக்கில் ஆகும். உடம்புக்கு வெளியே தொங்குகிற பட்டையில் சில நிமிடங்களில் மாற்றம் தெரிந்தால், அது மரபணு வழியாக வந்திருக்க முடியாது. அப்படியானால் இந்தப் பொருட்கள் ஹார்மோன் வேஷம் போடுவதோடு நிற்கவில்லை, செல்லின் மேல்தோலில் இருக்கிற கால்சியம் வாயில்களையும் நேரடியாகத் தொடுகின்றன.

இன்னொரு பூச்சிமருந்தைப் பாருங்கள். கேமக்ஸின் பவுடர் என்று ஊரில் தூவினார்களே, அந்த பிஎச்சி-யில் பூச்சியைக் கொல்லுகிற பகுதி லிண்டேன். அதே குழு, அதே எலிப் பட்டை. லிண்டேனை விட்டதும் தானாக வந்துகொண்டிருந்த சுருக்கங்கள் நின்றே போயின. செல்களுக்கிடையிலான வாசல்களை அது அடைத்துவிடுகிறது. டிடிடி, லிண்டேன் இரண்டுமே குளோரின் சேர்ந்த பூச்சிக்கொல்லிகள், இரண்டும் ஒரே வயலில் தெளிக்கப்பட்டவை, ஆனால் கருப்பைத் தசையில் எதிரெதிரான விளைவு. நிஜ வாழ்க்கையில் ஒரு பெண்ணின் உடம்பில் இரண்டும் சேர்ந்தேதான் இருக்கும்.

பிளாஸ்டிக் பக்கம் வந்தால், பிஸ்பீனால் ஏ, சுருக்கமாக பிபிஏ. கண்ணாடி போலத் தெளிவாகவும் கெட்டியாகவும் இருக்கிற பாலிகார்பனேட் செய்வது இதிலிருந்துதான். தகர டின்களின் உட்பூச்சிலும் பில் அடிக்கும் வழவழப்பான காகிதத்திலும் இது இருக்கும். 1930-களிலேயே லண்டனில் சார்லஸ் டாட்ஸ் இதற்கு ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்று கண்டார். பிளாஸ்டிக்காக வீட்டுக்குள் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் எலிக் கருப்பைப் பட்டையில் இதைச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள்: சுருக்கங்கள் குறைந்தன, அதற்கு நைட்ரிக் ஆக்சைடு என்கிற தளர்த்தும் வாயு காரணமாக இருந்தது.

சரி, ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. குழாய்க்குள் விடுகிற அளவு பெரும்பாலும் நம் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். பட்டையில் நடந்தது அப்படியே பிரசவ அறையில் நடக்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கெல்லாம் கைவைக்க முடியும் என்பதைத்தான் அந்தச் சோதனைகள் காட்டுகின்றன. உண்மையில் நடந்ததா என்று பார்க்க உயிரோடிருக்கும் உடம்புகளிடம்தான் போக வேண்டும்.

அந்த வரிசையில் முதலில் வருபவை கடல் சிங்கங்கள். கலிபோர்னியா கரைக்கு அப்பால் சான் மிகேல் என்றொரு தீவு. 1960-களின் கடைசியில் அங்கே கடல் சிங்கங்கள் குறைமாதத்தில் குட்டி போடுவது அதிகமாகத் தெரிய வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஒரு டிடிடி ஆலையின் கழிவு சாக்கடை வழியாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. குறைமாதத்தில் ஈன்ற தாய்களின் கொழுப்பில் டிடிடி, பிசிபி எச்சங்கள் மற்றத் தாய்களைவிட மிக அதிகமாக இருந்ததாக 1973-ல் அறிவித்தார்கள். ஆனால் அதே விலங்குகளிடம் தொற்றுநோய்களும் காணப்பட்டன. அதனால் பழி முழுவதையும் டிடிடி மேல் போட முடியவில்லை. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வருகிற சிக்கல் இதுதான்.

மனிதர்களிடம் வலுவான ஆதாரம் 2001-ல் வந்தது. அமெரிக்காவில் 1959 முதல் 1966 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தத்தைக் குளிர்பதனத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள். டிடிடி கண்டபடி புழங்கிய வருடங்கள் அவை. 2,380 பிரசவங்களை எடுத்துப் பார்த்தபோது அவற்றில் 361 குறைப்பிரசவங்கள். டிடிடி உடம்பில் சிதைந்து உண்டாகும் டிடிஇ யாருடைய ரத்தத்தில் மிக அதிகமாக இருந்ததோ, அவர்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு, டிடிஇ மிகக் குறைவாக இருந்தவர்களைப் போல மூன்று மடங்கு. நம் நாட்டில் இதற்கு இருபது வருடம் முன்பே, 1980-ஐ ஒட்டி, லக்னோவில் இருந்த தொழில்சார் நச்சியல் ஆய்வு மையத்தினர் குறைப்பிரசவமும் கருச்சிதைவும் ஆன பெண்களின் உடம்பில் டிடிடி, பிஎச்சி எச்சங்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த வேலைக்குக் கிடைக்க வேண்டிய கவனம் கிடைக்கவே இல்லை என்பது என் வருத்தம். விவசாயத்துக்கு டிடிடியை இந்தியா 1989-ல்தான் நிறுத்தியது. பிஎச்சி 1997-ல் தடைசெய்யப்பட்டது. இவை கொழுப்பில் தங்கி வருடக்கணக்கில் இருப்பவை. தாய்ப்பால் வழியாக அடுத்த தலைமுறைக்கும் கொஞ்சம் போகும். அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், தாய்ப்பாலின் பலன் அதைவிட எவ்வளவோ பெரியது.

தாலேட்டுகள் வேறு ரகம். பிவிசி பிளாஸ்டிக்கை வளையும்படி மென்மையாக்கச் சேர்ப்பவை. சென்ட், நகப்பூச்சு போன்றவற்றிலும் இருக்கும். இவை ஈஸ்ட்ரோஜன் வேஷம் போடுவதைவிட, மற்ற ஹார்மோன்களைக் குலைப்பதும் நஞ்சுக்கொடியில் அழற்சியைக் கிளப்புவதும்தான் அதிகம். அழற்சி வந்தால் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கும். புரோஸ்டாகிளாண்டின் கருப்பைத் தசையைச் சுருக்குகிற மிக வலிமையான பொருட்களில் ஒன்று. மாதவிடாய் வலிக்கே முதல் காரணம் அதுதான். பாஸ்டனில் 2014-ல் வெளியான ஆய்வில், குறைப்பிரசவமான 130 பேரையும் நிறைமாதத்தில் பெற்ற 352 பேரையும் ஒப்பிட்டார்கள். சிறுநீரில் தாலேட் எச்சம் கூடக் கூட, குறைப்பிரசவத்தின் வாய்ப்பும் கூடியிருந்தது. தானாக வலி கண்டு முன்கூட்டியே பெற்றவர்களிடம் அந்தத் தொடர்பு இன்னும் அழுத்தமாக இருந்தது. பிறகு 2022-ல் அமெரிக்காவின் 16 ஆய்வுகளைச் சேர்த்து 6,045 பெண்களின் விவரங்களை அலசினார்கள். சில தாலேட் எச்சங்களுக்கு, அளவு கூடியவர்களிடம் வாய்ப்பு 12 முதல் 16 சதவீதம் வரை அதிகம். ஒரு தனிப்பெண்ணுக்கு இது சிறிய ஏற்றம்தான். ஆனால் தாலேட் படாத ஆளே இல்லை என்பதால், ஊர் மொத்தத்துக்குக் கணக்குப் போட்டால் சிறியதாக இருக்காது.

இப்போது இந்தத் துறையிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத ஒரு கதைக்கு வருகிறேன். அது சுற்றுச்சூழல் மாசு இல்லை, டாக்டர்களே எழுதிக் கொடுத்த மாத்திரை. டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால், சுருக்கமாக டிஇஎஸ். மேலே சொன்ன அதே டாட்ஸ் 1938-ல் உருவாக்கிய செயற்கை ஈஸ்ட்ரோஜன். கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி 1940-களிலிருந்து லட்சக்கணக்கான கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். 1953-லேயே சிகாகோவில் முறையாகச் சோதித்து, பலன் எதுவும் இல்லை என்று சொல்லியாகிவிட்டது. அப்படியும் கொடுப்பது நிற்கவில்லை. 1971-ல், அந்தத் தாய்களுக்குப் பிறந்த மகள்களுக்கு இளம்வயதிலேயே பிறப்புறுப்பில் அரிய புற்றுநோய் வருவது தெரிந்த பிறகுதான் அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். அந்த மகள்கள் பலருக்குக் கருப்பையின் வடிவமே மாறியிருந்தது. உள்ளறை ஆங்கில டி எழுத்துப் போலக் குறுகி இருந்தது. 2011-ல் வெளியான நீண்டகாலக் கணக்கின்படி, அவர்களில் 53 சதவீதம் பேருக்குக் குறைப்பிரசவம் நேர்ந்தது. மருந்து படாத பெண்களில் அது 18 சதவீதம்தான். மாத்திரை சாப்பிட்டது அம்மா. வயிற்றுக்குள் இருந்தபோது மகளின் கருப்பை உருவாகிக்கொண்டிருந்தது. விளைவு வெளிப்பட்டது இருபது, முப்பது வருடம் கழித்து, அந்த மகள் கர்ப்பமானபோது. எந்தக் கட்டத்தில் பட்டது என்று பார்க்க வேண்டும் என ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான்.

உங்கள் ஃபைப்ராய்டு விஷயமும் இங்கேதான் வருகிறது. ஃபைப்ராய்டு கருப்பைத் தசையிலிருந்தே வளர்கிற கட்டி, புற்றுநோய் இல்லை. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும்தான் அதற்குத் தீனி. எக்கர் எலி என்று ஒரு வகை எலி உண்டு. அதற்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் குறை இருப்பதால், 65 சதவீதம் எலிகளுக்குக் கருப்பையில் இந்தக் கட்டி வரும். பிறந்த முதல் சில நாட்களில் அவற்றுக்கு டிஇஎஸ் கொடுத்தால் 90 சதவீதத்துக்கும் மேல் வருகிறது. மரபணுவின் எழுத்து மாறுவதில்லை. அதன் மேல் பூட்டிவைத்திருக்கும் வேதிக் குறிகள் தளர்ந்துபோகின்றன. அதனால் அந்தத் தசை பிற்காலத்தில் தன் சொந்த ஈஸ்ட்ரோஜனுக்கே மிகையாகத் துள்ளுகிறது. தாலேட் விஷயத்தில், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தினர் 2022-ல் பெண்களின் கட்டியிலிருந்து எடுத்த செல்களில் சோதித்தார்கள். தாலேட்டின் ஒரு சிதைபொருள் அந்தச் செல்கள் சாகாமல் தாக்குப்பிடிக்க உதவுவதைப் பார்த்தார்கள். அது போன வழி ஈஸ்ட்ரோஜன் ஏற்பி அல்ல, டையாக்ஸின் என்ற நச்சு வந்து ஒட்டுகிற வேறொரு ஏற்பி.

டையாக்ஸின் என்றதும் செவேசோ ஞாபகத்துக்கு வரும். இத்தாலியில் 1976-ல் ஆலை விபத்தில் டையாக்ஸின் கொட்டிய ஊர். அந்த ஊர்ப் பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், டையாக்ஸின் அதிகம் பட்டவர்களுக்கு ஃபைப்ராய்டு குறைவாகவே வந்திருந்தது. டையாக்ஸின் பல இடங்களில் ஈஸ்ட்ரோஜனுக்கு எதிராக வேலை செய்வது அதற்குப் பொருத்தமான விளக்கம். அதற்காக டையாக்ஸின் நல்லது என்று ஆகிவிடாது, மற்ற விதங்களில் அது கொடிய விஷம். "மாசு என்றால் கட்டி" என்று எளிமையாகச் சொல்கிறவர்கள் இந்தச் செவேசோ முடிவை ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன்.

அப்புறம், வீட்டில் என்ன செய்யலாம்? பிஸ்பீனாலும் தாலேட்டும் டிடிடி மாதிரி தங்குவதில்லை, பெரும்பகுதி ஓரிரு நாளில் சிறுநீரில் போய்விடும். தினமும் புதிதாக உள்ளே போவதால்தான் எப்போதும் இருக்கின்றன. அமெரிக்காவில் ஐந்து குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு, டின்னிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்காத புதுச் சாப்பாட்டை மூன்றே நாள் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரில் பிஸ்பீனால் ஏ சராசரியாக 66 சதவீதம் இறங்கியது, முக்கியமான ஒரு தாலேட்டின் எச்சங்கள் பாதிக்கு மேல் இறங்கின. எனவே சூடான குழம்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாமல் எவர்சில்வர் தூக்கில் வாங்குவது வீண் வேலை இல்லை. சூடும் எண்ணெயும்தான் இவற்றை வேகமாகக் கரைத்து இழுப்பவை. மைக்ரோவேவில் கண்ணாடிப் பாத்திரம் வையுங்கள். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனின் அடியைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 7 என்றோ அதன் பக்கத்தில் பிசி என்றோ இருந்தால் பெரும்பாலும் பாலிகார்பனேட். கீறல் விழுந்து மங்கிப்போன கேனை வேண்டாம் என்று சொல்லலாம், வெயிலில் காயப்போட்டு வைக்கவும் கூடாது. "பிபிஏ இல்லை" என்ற முத்திரையைப் பார்த்து முழுதாக நிம்மதியடையாதீர்கள். அதற்குப் பதிலாகப் பல இடங்களில் போடுகிற பிஸ்பீனால் எஸ்-உம் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒட்டக்கூடியதுதான்.

ஆனால் வீட்டுக்காரி பாத்திரம் மாற்றுவதால் தீர்கிற பிரச்சினை இல்லை இது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல், ஒருவர் தினமும் உட்கொள்ளத்தக்க பிஸ்பீனால் ஏ அளவை முன்பிருந்ததில் 20,000-ல் ஒரு பங்காகக் குறைத்தது. அதைத் தொடர்ந்து, உணவு படும் பொருட்களில் அதைத் தடைசெய்யும் சட்டமும் அங்கே வந்துவிட்டது. இந்தியாவில் குழந்தைகளின் பால்புட்டிக்குத்தான் பாலிகார்பனேட் கூடாது என்று 2015-ல் தரவிதி வந்தது. பால்புட்டிக்கு மட்டும் போட்டு நிறுத்தியது போதாது. குழந்தை கருவில் உருவாகிற ஒன்பது மாதம்தான் மிக நுட்பமான காலம், அப்போது தண்ணீர் குடிப்பது அம்மா.

கடைசியாக உங்கள் இருவர் விஷயம். அக்காவின் குறைப்பிரசவத்துக்கு ரசாயனம்தான் காரணம் என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. தொற்று, ரத்த அழுத்தம், கருப்பை வாய் பலவீனம், இரட்டைக் கரு என்று வலுவான காரணங்கள் பல உண்டு. அவற்றைத் தேடிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். அடுத்த முறை கர்ப்பமானால், முதல் மாதமே டாக்டரிடம் முந்தைய பிரசவத்தைச் சொல்லட்டும். ஸ்கேனில் கருப்பை வாயின் நீளத்தை அளந்து, தேவைப்பட்டால் புரோஜெஸ்டிரோன் கொடுப்பார்கள். 37 வாரத்துக்கு முன்பு வயிறு விட்டுவிட்டு ஒரே சீராக இறுகினாலோ, தண்ணீர் போலக் கசிந்தாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உங்கள் கட்டியைப் பொறுத்தவரை, நாற்பது, ஐம்பது வயதுப் பெண்களை ஸ்கேன் செய்தால் பாதிக்கு மேல் இருப்பது அது. அது எங்கிருந்து வந்தது என்று தோண்டுவதைவிட, எத்தனை சென்டிமீட்டர், சுவரின் எந்த அடுக்கில் இருக்கிறது, மாதவிடாயில் எவ்வளவு ரத்தம் போகிறது, உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்கிற நான்கையும் எழுதிக்கொண்டு போங்கள். மருந்தா, அறுவையா, சும்மா விட்டுப் பார்ப்பதா என்று டாக்டர் முடிவு செய்வது பெரும்பாலும் அவற்றையும் உங்கள் வயதையும் வைத்துத்தான்.